பள்ளி இதழின் ஆசிரியர் யார்?

தமிழில் ஆசிரியர் என்னும் சொல் பல பொருள் தருவது. பள்ளியில் பாடம் சொல்பவரும் ஆசிரியர். நூல் இயற்றுபவரும் ஆசிரியர். இதழ் நடத்துபவரும் ஆசிரியரே. இம்மூவர்க்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது பொருத்தமே. மூவரும் தாம் அறிந்ததைப் பிறர்க்கு வழங்குபவர். மூவரும் தாம் வழங்கியதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமையாகக் கூறினார். நிறைகோல் என்பது துலாக்கோல். பொருளின் எடையை ஐயமின்றிக் காட்டுவதும், இரு தட்டுக்கும் நடுவே நிற்பதும் அதன் இயல்பு. வகுப்பறை ஆசிரியர்க்குக் கூறப்பட்ட இவ்வுவமை இதழாசிரியர்க்கும் முற்றும் பொருந்தும்.

இனி ஒரு வினாவை எழுப்புவோம். பள்ளியிலிருந்து வெளிவரும் இதழுக்கு ஆசிரியராக இருக்கத்தக்கவர் யார்? பாடம் சொல்லும் ஆசிரியரா? பயிலும் மாணவரா? பாடம் சொல்பவரே இதழையும் நடத்துதல் நலம் என்று பலரும் விடை கூறுவர். மாணவரே இதழாசிரியராக இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. ஆயினும் அவர் நெறியின்றி நடத்தலாகாது. அந்நெறி யாது என்பதை மாணவரும் ஆசிரியரும் கலந்து, முதல் இதழ் வெளிவருமுன்னரே எழுதி வைத்தல் வேண்டும். இக்கருத்து ஏற்கத்தக்கதே என்பதை ஆராய்வோம்.

பள்ளிகளில் இதழ் நடத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மாணவர் தாமே தாளில் எழுதி, படம் வரைந்து, நூலால் தைத்து, கைக்குக் கை மாற்றிப் படித்த கையெழுத்து இதழ்கள் தமிழ்நாட்டில் பல எழுத்தாளர்களுக்குப் பயிற்சிக்களமாக விளங்கின. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான மு. கருணாநிதி, திருவாரூரில் மாணவராயிருந்தபோது ‘மாணவ நேசன்’ என்னும் கையெழுத்து இதழை நடத்தினார். இக்காலத்தே, 2022ஆம் ஆண்டில், தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் இரு சிறுவர் இதழ்களைத் தொடங்கிற்று. முன்னது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும், பின்னது ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயில்வார்க்கும் உரியது. மாநிலம் முழுமைக்கும் பொதுவான இதழ்கள் இவை. இவற்றின் பயன் பெரிது. எனினும் ஒரு பள்ளியின் முற்றத்தில் நிகழ்வதையும், ஓர் ஊரின் தெருவில் நிகழ்வதையும் மாநில இதழ் எழுத இயலாது. அதற்கு அப்பள்ளிக்கே உரிய இதழ் ஒன்று வேண்டும்.

அத்தகைய இதழ் பல பள்ளிகளில் ஆண்டு மலராகச் சுருங்கிவிடுகின்றது. வாழ்த்துரைகள் முதற் பக்கங்களை நிரப்புகின்றன. பரிசு பெற்றோர் படங்கள் அடுத்த பக்கங்களை நிரப்புகின்றன. எஞ்சிய இடத்தில் வேறு நூல்களிலிருந்து எடுத்தெழுதிய கட்டுரைகள் சில இடம்பெறுகின்றன. மலருக்கு மணம் உண்டு. அதனை நாம் பழிக்க வேண்டுவதில்லை. ஆயினும் மலர் வேறு, இதழ் வேறு. நிகழ்ந்ததைக் கண்டு, கேட்டு, ஆராய்ந்து, உரிய காலத்தில் எடுத்துரைப்பதே இதழின் தொழில்.

மாணவரால் இது இயலுமா என்று ஐயுறுவார்க்குச் சென்னைத் திருவல்லிக்கேணியில் நிகழ்ந்த ஒரு செய்தியைக் கூறுவோம். 1878ஆம் ஆண்டில் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். அப்பதவியை அங்குப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆங்கிலேயர் நடத்திய செய்தித்தாள்கள் அதனைக் குறைகூறி எழுதின. அக்குறைகூறலுக்கு விடையிறுக்க இந்தியர் கையில் செய்தித்தாள் இல்லையே என்று இளைஞர் அறுவர் வருந்தினர். அவர்களுள் ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் ஆகிய இருவர் ஆசிரியப் பணி புரிந்தவர். ஏனைய நால்வர் சட்டம் பயின்ற மாணவர். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடனாகப் பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ‘தி இந்து’ என்னும் வார இதழின் 80 படிகளை அவர்கள் அச்சிட்டு வெளியிட்டனர். அவ்விதழ் நாளேடாக வளர்ந்து இன்றும் வெளிவருகின்றது. அவ்வறுவருள் ஒருவரான சுப்பிரமணிய ஐயரே 1882ஆம் ஆண்டில் தமிழில் ‘சுதேசமித்திரன்’ இதழையும் தொடங்கினார். ஆசிரியர் இருவரும் மாணவர் நால்வரும் ஒரே பலகையில் அமர்ந்து தொடங்கிய செயல் இது. அவர்களிடம் பொருள் இல்லை; சொல்ல வேண்டிய செய்தி இருந்தது.

சொல்ல வேண்டிய செய்தி எல்லா ஊர்களிலும் உண்டு. சான்றாகக் கோவளத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்திற்குத் தென்கிழக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் அது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் அது துறைமுகமாக விளங்கிற்று. 1752ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவு அங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றினார். பின்னர் அக்கோட்டை தகர்க்கப்பட்டது. கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் அவ்வூரில் அருகருகே உள்ளன. மீன்பிடிக்கும் குடும்பங்களின் இளைஞர் சிலர் இன்று அலைச்சறுக்கு விளையாட்டில் தேர்ந்து பிறர்க்குப் பயிற்சியும் அளிக்கின்றனர். 33 வரையறைகளைக் கொண்டு ஆராய்ந்து வழங்கப்படும் நீலக்கொடிச் சான்று 2021ஆம் ஆண்டில் கோவளம் கடற்கரைக்குக் கிடைத்தது. அதற்குத் தெற்கே நெம்மேலியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013ஆம் ஆண்டிலும், பதினைந்து கோடி லிட்டர் அளவுள்ள மற்றோர் ஆலை 2024ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின.

அவ்வூரில் பள்ளி இதழ் ஒன்று நடத்தப்பெறுவதாகக் கொள்வோம். அதன் மாணவர்க்கு எழுதுபொருள் தேடி அலைய வேண்டிய துன்பம் இல்லை. நீலக்கொடி பறக்கும் மணலில் மீனவர் வலை உலர்த்த இடம் உண்டா? கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தபின் எஞ்சும் உப்புநீர் எங்கே செல்கின்றது? கரையின் நிலை குறித்து மூத்த மீனவர் கூறுவது யாது? அதற்குக் குடிநீர் வாரியத்தார் அளிக்கும் விடை யாது? பருவமழைக் காலத்தில் எந்தத் தெருவில் நீர் தேங்குகின்றது? இவ்வினாக்களைக் கேட்கும் மாணவர் புவியியலையும் வேதியியலையும் குடிமையியலையும் ஒருங்கே பயில்கின்றார். தேர்வுக்குப் படித்தது மறந்துபோகலாம். தாமே சென்று கேட்டு எழுதியது எளிதில் மறவாது.

கேட்டதை எல்லாம் எழுதிவிடலாமா? எழுதலாகாது. இதற்குக் கடற்கரை மக்கள் நன்கு அறிந்த சான்று ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கிப் பல்லாயிரவரை மாய்த்தது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் பேரலை எழக்கூடும் என்று நடுவண் அரசின் உள்துறை எச்சரிக்கை விடுத்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பே அதற்கு அடிப்படை. பிணங்களை அடக்கம் செய்தும் முடியாத மக்கள், பிள்ளைகளைத் தோளில் சுமந்து உள்நாடு நோக்கி ஓடினர். உதவிப் பணிகள் தடைப்பட்டன. அலை எழவில்லை. அக்கணிப்புக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அரசின் அறிவியல் துறை அமைச்சரே பின்னர் மறுத்துரைத்தார். எச்சரித்தவர் மனத்தில் தீய எண்ணம் இல்லை. காக்கும் எண்ணமே இருந்தது. நல்லெண்ணம் இருந்தும் ஆராய்ச்சி இன்மையால் துன்பமே விளைந்தது. அதன்பின் 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. நிலநடுக்க அளவையும் கடல்மட்ட அளவையும் ஆராய்ந்து அம்மையம் அறிவிப்புகளை வெளியிடுகின்றது. ஆராய்ந்து உரைப்பதற்கு நாட்டுக்கு ஓர் அமைப்பு வேண்டியதாயிற்று. பள்ளி இதழுக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும் அன்றோ?

இனிப் பள்ளி நடத்துவோரின் அச்சத்தைக் கருதுவோம். மாணவர் எதை எழுதிவிடுவாரோ, பெற்றோர் சினந்து வருவாரோ, மேலதிகாரி விளக்கம் கேட்பாரோ என்று தலைமையாசிரியர் அஞ்சுதல் இயல்பு. அவ்வச்சத்தை நாம் எள்ளலாகாது. எனினும் அச்சத்தால் விளையும் அடக்குமுறை நன்மை பயப்பதில்லை. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதனைத் தெளிவாக்கும்.

மிசௌரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் என்னும் உயர்நிலைப் பள்ளியில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் மாணவர் செய்தித்தாள் நடைபெற்றது. 1983ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் அச்சுப்படி தலைமையாசிரியரிடம் வந்தது. இளவயதில் தாய்மையுற்ற மாணவியர் பற்றிய கட்டுரை ஒன்றும், பெற்றோரின் மணவிலக்கால் பிள்ளைகள் படும் துயர் பற்றிய கட்டுரை ஒன்றும் அதில் இருந்தன. பெயரை மாற்றி எழுதியிருந்தும் அம்மாணவியரைப் பிறர் அடையாளம் கண்டுகொள்வர் என்று தலைமையாசிரியர் கருதினார். தந்தை ஒருவரைக் குறைகூறும் பகுதிக்கு விடை கூற அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்றும் கருதினார். கல்வியாண்டு முடியும் தறுவாயில் திருத்த நேரமில்லை என்று எண்ணி, அக்கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களையும் முழுமையாக நீக்கினார். அவற்றோடு குற்றமற்ற பிற கட்டுரைகளும் நீங்கின. இதழ் அச்சாகி வந்த பின்னரே மாணவர் அதனை அறிந்தனர். வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1988ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் நீதிபதியர் ஐவர் பள்ளியின் பக்கமும் மூவர் மாணவர் பக்கமும் நின்றமையால் பள்ளியே வென்றது.

தீர்ப்பு எவ்வாறாயினும், நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. தலைமையாசிரியர் எழுப்பிய ஐயங்கள் இரண்டும் நேரியவை. துன்புற்றோரின் அடையாளத்தைக் காத்தலும், குறைகூறப்பட்டவரிடம் விடை கேட்டலும் எந்த இதழுக்கும் உரிய நெறிகளே. அந்நெறிகளைக் கட்டுரை எழுதப்படும்போதே மாணவரோடு அமர்ந்து பேசியிருந்தால் இரண்டு பக்கங்களும் பிழைத்திருக்கும். ஐந்தாண்டு வழக்கும் நேர்ந்திராது. சொல்லாமல் நீக்கியதால் அம்மாணவர் நெறியைக் கற்கவில்லை. அதிகாரம் எத்தகையது என்பதை மட்டுமே கற்றனர்.

நம் நாட்டு அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்கள் அனைவர்க்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் வழங்குகின்றது; அவ்வுரிமைக்கு நேரிய வரம்புகளையும் அப்பிரிவே குறிக்கின்றது. கேரளத்தில் நாட்டுப்பண்ணின்போது மரியாதையோடு எழுந்து நின்றும் சமயக் கொள்கையால் உடன் பாடாத மாணவர் மூவரைப் பள்ளி நீக்கியபோது, அது தவறு என்று நம் உச்சநீதிமன்றம் 1986ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பள்ளி வாயிலில் நுழைந்தவுடன் மாணவர் தம் உரிமையை இழப்பதில்லை என்பது இதனால் விளங்கும். ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டில் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் குழந்தைகளுக்குக் கருத்துரிமை உண்டு என்கின்றது. இந்தியா 1992ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

உரிமை இருப்பின் பொறுப்பும் உண்டு. வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமும், புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இம்மூன்று தலைப்புகளுமே பள்ளி இதழின் நெறிகளுக்கு வித்தாகும். அவற்றை விரித்துச் சில விதிகளாகக் கூறலாம்.

முதலாவது, உண்மை. மாணவர் தாமே கண்டதை எழுத வேண்டும். அல்லது அதனை அறிந்த இருவரிடம் தனித்தனியே கேட்டு எழுத வேண்டும். ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்பது சான்றாகாது.

இரண்டாவது, நடுவுநிலைமை. எவரையேனும் குறைகூறும் செய்தியாயின், அச்சேறுமுன் அவரிடம் சென்று விடை கேட்டு, அவ்விடையையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

மூன்றாவது, காப்பு. பாலியல் கொடுமைக்கு உள்ளான குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுதலை 2012ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. வழக்குகளில் தொடர்புடைய சிறுவர்க்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அத்தகைய காப்பை அளிக்கின்றது. பள்ளி இதழ் இக்காப்பை மேலும் விரிவாக்க வேண்டும். தேர்வில் தவறியவர், கட்டணம் செலுத்த இயலாதவர், வீட்டில் துயருற்றவர் ஆகியோரின் பெயரும் படமும் அவர் இசைவின்றி இதழில் வரலாகாது.

நான்காவது, நேர்மை. பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டலாகாது. இணையத்திலிருந்து எடுத்ததும், கணிப்பொறி புனைந்து தந்ததும் தாம் சென்று கேட்டெழுதிய செய்திக்கு ஈடாகா.

ஐந்தாவது, ஒற்றுமை. சாதியையோ சமயத்தையோ இழித்துரைக்கும் சொல்லுக்கும், கட்சிக்கு வாக்குக் கேட்கும் எழுத்துக்கும் பள்ளி இதழில் இடமில்லை.

ஆறாவது, திருத்தம். தவறு நேர்ந்துவிடின், முதற் பக்கத்தில் நேர்ந்த தவற்றை முதற் பக்கத்திலேயே திருத்த வேண்டும். மூலையில் மறைத்துத் திருத்துவது திருத்தமாகாது.

இவ்விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியபின், யார் எதைச் செய்வது என்பது எளிதாகும். பல வகுப்புகளிலிருந்தும் ஐந்தாறு மாணவர் ஆசிரியர் குழுவாக அமையலாம். எதை எழுதுவது, எதை முதற் பக்கத்தில் இடுவது, எதை விடுவது என்பவற்றை அக்குழுவே முடிவு செய்ய வேண்டும். வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் உடனிருந்து, அச்சேறுமுன் படித்து, ஐயங்களைச் சுட்ட வேண்டும். ஒரு கட்டுரை எழுதப்பட்ட விதிகளுள் ஒன்றை மீறினாலன்றி அதனை அவர் தடுக்கலாகாது. தடுப்பின், எந்த விதி மீறப்பட்டது என்பதை எழுத்தில் கூறித் திருத்தி எழுத வாய்ப்பளிக்க வேண்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’, ‘பள்ளியின் பெயர் கெடும்’ என்பவை விதிகள் ஆகா. கருத்து மாறுபாடு தீராவிடின் தலைமையாசிரியரும் மாணவரும் அமர்ந்த சிறு குழுவொன்று தீர்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பள்ளியில் குடிநீர்க் குழாய்கள் ஆறு உள்ளன. அவற்றுள் நான்கில் நீர் வரவில்லை என்று கொள்வோம். மாணவர் ஒருவர், ‘நம் பள்ளியில் யாருக்கும் அக்கறை இல்லை’ என்று எழுதுகின்றார். அது செய்தியன்று, சினம். அதனை ஆசிரியர் அடித்துவிட்டு நீதிக்கதை ஒன்றை அங்கே இட்டால் அதுவும் பிழை. குழாய்களை எண்ணுக, எத்தனை நாளாக நீர் இல்லை என்று காவலரிடம் கேட்க, பழுது பார்க்க யாருக்கு எழுதப்பட்டது என்று அலுவலகத்தில் கேட்க, விடையோடு சேர்த்து எழுதுக என்று கூறுபவரே நல்லாசிரியர். அவ்வாறு எழுதப்பட்ட பத்து வரிகளைத் தலைமையாசிரியர் அஞ்ச வேண்டுவதில்லை. அவற்றைக் கொண்டே அவர் உரிய அலுவலகத்தில் முறையிடலாம். குறையை மறைத்த பள்ளியின் பெயரே கெடும். குறையைத் தன் மாணவர் வாயால் கேட்டுத் திருத்திக்கொண்ட பள்ளியின் பெயர் ஓங்கும்.

இத்தகைய இதழுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை நான்கு தாள்களில் அழகுற எழுதிச் சுவரில் ஒட்டினால் அதுவே இதழ். அச்சும் வண்ணமும் பின்னர் வரலாம்.

மாணவர்களே, நாளை நீங்கள் வாக்களிப்பீர்கள், ஊராட்சியில் வினவுவீர்கள், உங்கள் கைப்பேசியில் நாள்தோறும் நூறு செய்திகள் வந்து விழும். எது உண்மை, எது வதந்தி என்று அன்று திடீரெனப் பிரித்தறிய முடியாது. அத்திறன் இளமையிலேயே பழகிப் பெறத்தக்கது. எழுதவே விடாத பள்ளியில் வாய் மூடும் வழக்கம் வளரும். நெறியின்றி எழுத விடும் பள்ளியில் பழி தூற்றும் வழக்கம் வளரும். இரண்டும் நாட்டுக்குக் கேடு. ஆதலின் உங்கள் பள்ளியில் இதழ் இல்லையாயின் ஒன்றைத் தொடங்குங்கள். முதலில் விதிகளை எழுதுங்கள்; அவற்றின் கீழ் ஆசிரியரும் நீங்களும் ஒப்பமிடுங்கள். பின்னர்ச் செய்தி தேடிப் புறப்படுங்கள்.